அலபாதியைக் கழுவக் கூடாது

என் மாமா சவேலியோவுக்கு ஒரு வேலை இருந்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அந்த வேலை. சமோவாவில், எங்கள் ஊரில், அதே வேலையை யாரும் சொல்லாமலே திறமையாகச் செய்கிறவர்கள் பலர் உண்டு. ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரி விமானம் ஏறி வந்து, கையைப் பிடித்துக் குலுக்கி, “தயவுசெய்து ஒன்றும் செய்துவிடாதீர்கள்” என்று கெஞ்சி ஒப்படைத்துவிட்டுப் போனது என் மாமாவிடம் மட்டும்தான்.

உலகத்தில் அவரால் முடியாத வேலையும் அது ஒன்றுதான். மாமா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விடிந்ததும் ஈரப்பலா இலைகளைப் பெருக்குவார். எங்கள் முற்றம் முடிந்ததும் துடைப்பம் தானாகப் பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். கோயிலில் பாஸ்டர் நரகத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருக்கும்போது, முன்னால் இருக்கிறவரின் சட்டைக் காலரை மெல்ல மடித்துச் சரிசெய்வார். ஒருமுறை நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போனவர், திரும்பி வரும்போது குளிருக்குக் காதில் மாட்டும் கம்பளி உறை ஒன்று கொண்டுவந்தார். இந்த வெயிலில் அதை என்ன செய்ய? அம்மா பாடும்போது மாட்டிக்கொள்வார்.

அப்படிப்பட்டவருடைய முற்றத்தில்தான் அந்தச் சட்டம் வந்து நின்றது. தாத்தாவின் வெள்ளைக் கல்லறைக்கும் கடலுக்கும் நடுவே, கடலைப் பார்த்துச் சாய்ந்த மரச்சட்டம். துணி காயப்போட வந்த சாமான் என்று நினைத்து அம்மா முதல் நாளே அதில் போர்வையைப் போட்டுத் திட்டு வாங்கினாள். சட்டத்தில் வரிசையாக அலுமினியத் தகடுகள், ஒவ்வொன்றும் பள்ளிக்கூடச் சிலேட்டு அளவு. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பூச்சு. எல்லாவற்றின் நெஞ்சிலும் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் ஒரு கீறல். வேண்டுமென்றே போட்ட காயம் அது. உப்புக்காற்று அந்தக் காயம் வழியாக நுழைந்து பூச்சுக்கு அடியில் எவ்வளவு தூரம் தின்கிறது என்று பார்க்க வேண்டும். பார்க்க மட்டும்தான் வேண்டும். கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது, நிழல் கட்டக் கூடாது. பறவை எச்சம் போட்டாலும் அது அங்கேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை படம் எடுத்து அனுப்பினால் போதும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்கிறவர்கள் கடலோரம் குடியிருந்ததில்லை. இரும்பு கெட்டால் சிவப்பாகக் கத்தி ஊரைக் கூட்டும். அலுமினியம் அடக்கமான பிள்ளை. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் வெள்ளை மாவாகப் போய்க்கொண்டே இருக்கும்.

மாமாவுக்கு இது தெரியும். அவரும் அவருடைய தம்பி அலபாதியும் சேர்ந்து ஒரு பழைய அலியா வைத்திருந்தார்கள். அலியா என்றால் இரட்டை உடம்புள்ள அலுமினியப் படகு. அதில் சூரை மீன் பிடிக்கப் போவார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கோயில் கூரைக்கு அடித்து நீலப் பெயின்ட் மிஞ்சியது. பாஸ்டர் அதை இவர்களுக்குக் கொடுத்தார். கோயில் பெயின்ட், ஜெபம் செய்த பெயின்ட், வேறென்ன வேண்டும்? படகு முழுக்க அடித்தார்கள். அவ்வளவு அழகான படகு இந்தக் கரையில் அப்போது இல்லையாம். அழகாக இருந்ததால் யாரும் அதற்கு அடியில் சுரண்டிப் பார்க்கவில்லை.

பவளத்திட்டுக்கு வெளியே, மீன் நிறைந்த நாளில், அடித்தட்டு விட்டுப்போனது. முதலில் மிளகு அளவு ஓட்டை. அடைக்கலாம் என்று சின்ன மாமா அலபாதி கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது, பிஸ்கட்டுக்குள் போவது மாதிரி. படகு கவிழ்ந்ததும் மாமா ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். சின்ன மாமா, “நீ இங்கயே இரு, நான் போயி ஆளக் கூட்டியாறேன்” என்று கரையைப் பார்த்து நீந்தினார். ஐஸ் பெட்டி கிடைத்தது. மாமா கிடைத்தார். கூட்டிவரப் போனவர்தான் வரவில்லை.

எங்கள் வழக்கத்தில் வீட்டு ஆட்களை வீட்டு முன்னாலேயே புதைப்போம். தாத்தா கல்லறை மேல் உட்கார்ந்துதான் நான் எழுத்துக் கூட்டப் பழகினேன், சீட்டாடப் பழகினேன். அலபாதி மாமாவுக்கு அப்படி ஒரு கல் கிடையாது. அவருடைய மனைவி பிலோமினா தன் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பிள்ளை இல்லை, புருஷன் இல்லை, யாருக்காக இருக்க வேண்டும்? அவள் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. வேறு ஊரிலிருந்து வந்த மருமகள் வாளியும் கையுமாகத் தோட்டத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தால் அவள் எங்கே போகிறாள் என்று யார் பார்க்கிறார்கள்?

அதற்குப் பிறகு மாமா கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. மகன் மனாசே மீன்பிடிக்கப் போகிறேன் என்று கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

“உப்பு திங்காத பூச்சுன்னு ஒண்ணு வரட்டும். அன்னிக்குப் போ.”

“அப்படி ஒண்ணு வரவே வராதுப்பா.”

“அப்ப நீயும் போகவே போகாத.”

அந்த ஆராய்ச்சிக்காரி பெயர் ஜில். எங்கள் வாயில் அந்த எழுத்து நிற்காது, சிலி என்று கூப்பிட்டோம். எங்கள் பேச்சில் சிலி என்றால் ‘எல்லாவற்றிலும் சிறந்தது’. அவளும் ஆட்சேபிக்கவில்லை. சமோவா முழுக்கச் சுற்றிவிட்டு, உப்பு அதிகமாகத் தின்கிற இடம் எது என்று கேட்டு வந்தாள். எங்கள் ஊரில் எது மோசம் என்று விசாரித்து வந்த முதல் விருந்தாளி அவள்தான். ஊர்ச் சபையின் பேச்சாளர் கோலை ஊன்றிக்கொண்டு எங்கள் மண்ணின் பெருமையை ஒரு மத்தியானம் முழுக்க எடுத்துரைத்தார். அவள் தலையாட்டிக் கேட்டாள். முடிந்ததும் மாமா எழுந்து, “எங்க வீட்டு முன்னாடி வந்து பாருங்க. கதவுக் கீல் கூட ஒரு மழைக்காலம் தாங்காது” என்றார். சிலியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

சட்டம் வந்தது. கூடவே தொந்தரவும் வந்தது. மாதாமாதம் ஊர்ப் பெண்கள் குழு வீடு வீடாகச் சுத்தம் பார்க்க வரும். தலைவி மதலேனா, பேச்சாளரின் மனைவி. அவள் விரலால் தடவிப் பார்க்காத ஜன்னல் விளிம்பு ஊரில் இல்லை.

“சவேலியோ, இதென்ன குப்பை?”

“குப்பை இல்லீங்கம்மா, ஆராய்ச்சி.”

“ஆராய்ச்சி மேல எச்சம் இருக்கு.”

“அதுவும் ஆராய்ச்சிதாங்க.”

“ஏன், கழுவ ஆளா இல்ல? பிலோமினாதான் எந்நேரமும் வாளியும் கையுமா திரியுறாளே.”

“கழுவக் கூடாதுங்கம்மா. இதுங்க எப்படிச் சாகுதுன்னு பாக்கத்தான் வச்சிருக்கு.”

“ஆஸ்பத்திரில சாகப்போறவனக்கூடக் குளிப்பாட்டுறாங்கய்யா!” என்று சொல்லிவிட்டு அபராதமாக மீன் டின் கேட்டாள். மாமா மீன் டின் கொடுத்துக் கொடுத்தே ஆராய்ச்சியை நடத்தினார். பெருக்காமல் ஒரு நாள் கூடத் தூங்காத மனிதர், ஊரிலேயே அழுக்கான முற்றத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்.

தகடுகளில் எண்கள் அடித்திருந்தன. மாமாவுக்கு எண்கள் மனதில் நிற்காது. அதனால் பெயர் வைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பள்ளி மணியை நான் ஒரு வாரம் காணாமல் ஆக்கியதிலிருந்து எனக்கும் பள்ளிக்கும் பேச்சுவார்த்தை இல்லை, நேரம் நிறைய இருந்தது. ஒவ்வொரு தகட்டுக்குக் கீழேயும் ஒரு கல் வைத்து அதில் வெள்ளைப் பெயின்டால் எழுதினேன்: பேச்சாளர். பாஸ்டர். மதலேனா. தலைமையாசிரியர். பஸ் டிரைவர். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்று மிச்சம் இருந்தது. ‘மாமாவின் தொப்பை’ என்று எழுதப் பிரஷ்ஷை நனைத்தேன்.

“கொண்டா அத” என்று மாமா வாங்கிக்கொண்டார். குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல் எழுத்தில் எழுதினார்: அலபாதி.

எதற்கும் ஒரு கிண்டல் சொல்லாமல் விடமாட்டேன். அன்று பிரஷ்ஷைத் திருப்பி வாங்கிக் கழுவி வைத்தேன்.

அதன் பிறகு படம் எடுக்கும் நாள் எங்கள் வீட்டில் திருவிழாதான். மாமா கண்ணாடி மாட்டிக்கொண்டு தகடு தகடாகக் குனிவார், நான் போனைப் பிடிப்பேன், பக்கத்து வீட்டு ஆட்கள் தீர்ப்புக் கேட்க வேலியோரம் கூடுவார்கள்.

“பேச்சாளருக்கு என்ன?”

“வாய் வீங்கிருச்சு.”

“அது எப்பவுமே அப்படித்தானே! தலைமையாசிரியரு?”

“ஓரமெல்லாம் உரியுறாரு.”

“பாஸ்டரு?”

“மேல நல்லாத்தான் இருக்காரு” என்பார் மாமா மெதுவாக. “உள்ளதான் என்னமோ நடக்குது.”

அலபாதிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கொப்புளம் கட்டி வெள்ளை மாவு கக்கினார்கள். அலபாதியின் நெஞ்சுக் கீறல் நேற்றுப் போட்டது போலச் சுத்தமாக இருந்தது. மழை பெய்தால் சேம்பிலையில் போல அதன் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. மாமா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, “பாத்தியாடி வாவே, என் தம்பிய உப்பால ஒண்ணும் பண்ண முடியல” என்பார் என்னிடம். வாவே என் பெயர். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். முன்பல் இல்லாததை மறைக்கத்தான் பொத்துகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த நாட்களில் அவர் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தார். முழங்கால், பிறகு தொடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இடுப்பு வரை போய் நின்று கையால் தண்ணீரைத் தட்டிப் பார்த்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல.

சிலி போன் செய்தாள். என் பாதிப் படிப்பால் வீட்டுக்கு ஒரே ஒரு லாபம், அவள் இங்கிலீஷை நான்தான் சொல்ல வேண்டும். கடலோர ஊர்களுக்குப் புதிய அலுமினியப் படகு தரும் திட்டம் முடியப்போகிறதாம். எந்தப் பூச்சு அடிப்பது என்று இப்போதே முடிவு செய்தாக வேண்டுமாம். வேறு தீவுகளில் வைத்த தகடுகளைப் படிக்க இன்னும் காலம் ஆகும், ஆனால் எங்கள் முற்றத்துச் சாம்பல் தகடு மாதிரி ஒன்றை அவள் பார்த்ததே இல்லையாம். அதையே அடிக்கப்போகிறார்கள். முதல் படகுகளில் ஒன்று எங்கள் ஊருக்கு. அதை ஓட்ட, இத்தனை நாள் காவல் காத்தவரின் மகன்.

நான் சொல்லி முடிக்கும் முன்பே மனாசே முற்றத்தில் ஆடிக்கொண்டிருந்தான்.

“என்னப்பா, பூச்சு வந்துருச்சு. சொன்ன சொல்லு?”

மாமா அலபாதியைப் பார்த்தார். “போ. உன் சித்தப்பன் கூட இருக்கான்ல, போ” என்றார்.

படகு வந்த நாளில் பன்றி சுட்டோம். பாஸ்டர் ஜெபித்தார். பேச்சாளர், தாம் எடுத்துரைத்த பெருமையால்தான் இந்தப் பூச்சே கிடைத்தது என்று விளக்கினார். படகின் அடிவயிறு சாம்பல் நிறத்தில் பளபளத்தது. மூக்கில் மாலை போட்டோம். மாமாவுக்கு என்ன தோன்றியதோ, அதிலிருந்து ஒரு மாலையைக் கழற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். இறைச்சித் தட்டோடு நானும் பின்னால் போனேன்.

தகட்டைத் தொடக் கூடாது என்று மற்றவர்களை விரட்டுகிறவர், அன்று தானே மாலையை அலபாதியின் மேல் சார்த்தினார். விரல் தகட்டில் பட்டது. நின்றுவிட்டார். விரலைத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு அதை என் மூக்கருகே நீட்டினார்.

“என்ன வாசனைடி?”

“பிலோமினா அத்தை எண்ணெய்” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மொசோயிப் பூ போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். சின்ன மாமா கடலிலிருந்து வந்ததும் அவருடைய முதுகுக்கும் தோளுக்கும் அவள் தேய்த்துவிடுவது. அவர் போன பிறகு அவள் தலைமுடி காய்ந்த நாராகக் கிடந்தது. எண்ணெய் காய்ச்சுவதையே விட்டுவிட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அவள் அடுப்படியில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். மாமா வாசலில் நின்றார். எண்ணெய் பட்ட விரலை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார். அவளே நிமிர்ந்து அவர் விரலைப் பார்த்தாள்.

“எப்போலேருந்து?”

“நீ பேரு எழுதுன அன்னிக்கிலேருந்து.”

“தினமுமா?”

“நீ தோட்டத்துக்குப் போனதும். நல்ல தண்ணி ஊத்திட்டு, கொஞ்சமா எண்ணெய்.”

“கழுவக் கூடாதுன்னு சிலி சொன்னது உனக்குத் தெரியும்ல?”

“தகட்டக் கழுவக் கூடாதுன்னு சொன்னா. நான் தகட்டயா கழுவுனேன்?” அவள் குரல் உயரவில்லை. கை பிழிந்துகொண்டே இருந்தது. “நீதான் அவன் பேர வச்ச. நெஞ்சக் கீறி, அவன முழுங்குன கடலுக்கு எதுக்கவே நிறுத்துன. உப்பு உள்ள போயிருச்சான்னு மாசாமாசம் ஊரக் கூட்டி எட்டிப் பாக்குற. நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? எல்லாரும் அவங்கவங்க ஆளு கல்லக் கழுவுறாங்க. எனக்குக் கழுவ ஒரு கல்லு இருக்கா, சவேலியோ?”

மாமா விறகுக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

“பிலோமினா, அந்தப் பூச்சத்தான் மனாசே படகுக்கு அடிச்சிருக்கு.”

“எந்தப் பூச்ச?”

“இவனோடத. இவன் மேல உப்பே ஏறலன்னுதான் அத எடுத்தாங்க.”

அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வெளியே பாட்டும் ஆட்டமும் எதற்கு என்று அவளுக்குத் தெரியும், படகு வந்திருக்கிறது. எந்தப் பூச்சு, எதை வைத்து எடுத்தார்கள் என்பதை வாளி தூக்குகிற மருமகளிடம் யார் விளக்குவார்கள்? அவள் கையிலிருந்த தேங்காய்ச் சக்கை அப்படியே கிண்ணத்தில் விழுந்தது. பாலும் சக்கையும் கலந்துபோனது. நான் வெளியே போய்க் கல்லறையில் உட்கார்ந்தேன். இறைச்சி ஆறிவிட்டது.

மாமா மகனிடம் அன்றே சொன்னார்.

“இன்னிக்கா சொல்லுவ இத?” என்றான் மனாசே. “சரி, சித்தி கழுவுனாங்க. கழுவலன்னாலும் பூச்சு நல்லதா இருந்திருக்கலாம்ல?”

“இருந்திருக்கலாம்.”

“அப்போ நல்லதுதான்.”

“தெரியாதுடா.”

“உனக்குத் தெரியலங்கிறதுக்காக நான் கரையில குந்தணுமா? ஊரே கும்பிட்டுக் குடுத்த படகு. நாளைக்கிப் போகலன்னா வேற ஒருத்தன் எடுத்துட்டுப் போவான். நல்ல பூச்சு இல்லன்னா அவன் மட்டும் மிதப்பானா?”

மாமா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தைப் பெருக்கப் போனார்.

சிலியிடம் நான்தான் போனில் சொன்னேன். ‘கணவன்’ என்ற சொல்லை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, தகட்டுக்கு எப்படிக் கணவன் என்று அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படகுகளெல்லாம் போய்விட்டன, திட்டம் மூடியாகிவிட்டது, பூச்சைச் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டுமென்றால் மேலிடத்தில் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும், இன்றே எழுதுகிறேன், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றாள். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். நான் அதை மாமாவிடம் சொல்லும்போது பிலோமினா அத்தையும் பக்கத்தில் நின்றாள்.

“அலபாதியை ஒரு தடவை சோப்புப் போட்டு நல்லாக் கழுவணுமாம். எண்ணெய் துளிகூட இருக்கக் கூடாதாம். அப்புறம் யாரும் தொடக் கூடாதாம், நிசமாவே. படகுல அடிச்ச பூச்சு நிசமா எப்படின்னு தெரிய இதான் வழியாம். முதல் கொப்புளம் வந்தா உடனே சொல்லணுமாம். அதுக்கு அப்புறம் படகு கடலுக்குப் போகக் கூடாதாம்.”

“அதாவது” என்றாள் பிலோமினா, “பையன் எவ்வளவு நாள் பத்திரம்னு, இவன் கெடுறத வச்சுப் பாக்கணும்.”

“ஆமா, அத்தை.”

“நானே கழுவுறேன்.”

துணி துவைக்கும் சோப்பும் வாளித் தண்ணீரும் கொண்டுவந்தாள். கீறலின் ஓரமெல்லாம் விரல் நுனியால் தேய்த்தாள். தண்ணீர் முத்தாக உருளாமல் சப்பையாகப் பரவி வழியும் வரை கழுவினாள். மாமா தலையைத் திருப்பிக்கொண்டார். செத்தவர்களைக் கழுவுவதை நான் பார்த்திருக்கிறேன், பெண்கள் அப்போது பாடுவார்கள். அத்தை பாடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மனாசே கடலுக்குப் போனான். அதற்கு மறுநாளும் போனான். மீன் நன்றாக விழுந்தது. மதலேனா எங்கள் வீட்டுக்கு அபராதம் போடுவதை நிறுத்திவிட்டுச் சூரைத்துண்டு வாங்க ஆரம்பித்தாள். படகு திரும்பியதும் மாமாவும் அத்தையும் ஓடிப்போய் நல்ல தண்ணீரால் அதைக் கழுவுவார்கள். ஊர்க் குழாயில் தண்ணீர் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள். தகடு சிலேட்டு அளவு, வாளித் தண்ணீர் போதும். படகு படகு அளவு.

அத்தை இப்போது காலையில் தாத்தா கல்லறையில் வந்து உட்காருவாள், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, குளிருகிறதா என்று கேட்டேன்.

“இதுங்கள நம்ப முடியாதுடி” என்றாள். “தானா போயிரும்.”

அன்று யாரும் பார்க்காத நேரத்தில் பிரஷ்ஷை எடுத்தேன். அலபாதி என்ற எழுத்தைச் சுரண்டிவிட்டு, நான் முதலில் நினைத்த பெயரை அந்தக் கல்லில் எழுதினேன். மறுநாள் அத்தை கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா வந்து கண்ணாடியை மாட்டிப் படித்தார்.

“மாமாவின் தொப்பை.” திரும்பி என்னைப் பார்த்தார். “எவ பாத்த வேலைடி இது?”

“கீறிப் போட்டு உப்பு வச்சாலும் உன் தொப்பை தாங்கும் மாமா” என்றேன்.

அத்தை சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. மூக்கால் ஒரு சத்தம், அப்புறம் அடக்க முடியாமல் தோள் குலுங்கச் சிரிப்பு. கை மட்டும் தொடைக்கு அடியிலேயே இருந்தது. சிரித்து முடித்ததும், “நல்ல பேருதான். ஆனா அவன் அலபாதிடி” என்றாள்.

கொப்புளம் ஒரு வெயில் காலையில் வந்தது. முந்தின நாள் இல்லை என்று அத்தை சத்தியம் செய்தாள். கீறலின் கீழ் முனையில், கொசுக் கடித்த தடிப்பு அளவுக்கு ஒரு மேடு. மாமா நகத்தால் தொடப் போனார், அத்தை அவர் கையைத் தட்டிவிட்டாள். நான் படம் எடுத்து அனுப்பினேன், போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

மனாசே அப்போதுதான் கிளம்பியிருந்தான். படகு பவளத்திட்டு வாய்க்குப் பக்கத்தில் தெரிந்தது. மாமா கடலுக்குள் ஓடினார். முழங்கால், தொடை, இடுப்பு எல்லாம் தாண்டி நெஞ்சு வரை தண்ணீர். சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினார். “வாடா! திரும்பி வாடா!” என்று கத்தினார். அலைச்சத்தம் வேறு, என்ஜின் சத்தம் வேறு.

மனாசே திரும்பிப் பார்த்தான். அப்பா நெஞ்சளவு தண்ணீரில் நின்று சட்டையைச் சுழற்றுகிறார். அவனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவனுடைய அப்பாவை அவ்வளவு ஆழத்தில் அவன் பார்த்தே வருஷக்கணக்காகிறது. என்ஜினை விட்டுவிட்டு எழுந்து நின்று, வழியனுப்புகிறவருக்குப் பதில் சொல்வது போல இரண்டு கையையும் உயர்த்தி, உற்சாகமாக ஆட்டினான். பிறகு உட்கார்ந்து திட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

மாமா சட்டையைச் சுழற்றுவதை நிறுத்தவில்லை. படகு கண்ணுக்கு மறைந்த பிறகும் சுழற்றினார்.

நான் கரையில் மறுபடி போன் செய்துகொண்டிருந்தேன். அப்போது ஒரு வெள்ளைப் பறவை சட்டத்தின் மேல் வந்து உட்கார்ந்து, அவசரமில்லாமல் அலபாதியின் மேல் எச்சமிட்டுப் பறந்து போனது.

“வாவே” என்றாள் அத்தை. கல்லறையில் உட்கார்ந்து, கையை மறுபடி தொடைக்கு அடியில் வைத்திருந்தாள். “இத மட்டும்?”

“கூடாது, அத்தை.”

“சும்மா ஓரமா?”

நான் அவள் பக்கத்தில் போய்க் கல்லறையில் உட்கார்ந்தேன். என் கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.